நாள்பட்ட கண் நோயும் வாழ்க்கைத் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் நோய்க்காக வருஷக்கணக்கில் சிகிச்சையில் இருப்பவர்களிடம் சில மருத்துவமனைகளில் ஒரு கேள்வித்தாளோடு வந்து உட்காருவார்கள். "இருட்டில் படி இறங்கச் சிரமமா?", "கல்யாண வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டீர்களா?", "பார்வை முழுசாகப் போய்விடுமோ என்று பயமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார்கள். நான் அந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதும் வேலையை ஏழு வருஷம் பார்த்தேன். என் அம்மாவுக்கே கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய் இருப்பதால், பதில் சொல்பவர் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எழுத்துப் பலகையைப் படிக்க வைத்துப் பார்வையை அளந்துவிடுகிறார்களே, அது போதாதா?

நோயை அளக்க அது வேண்டும். வாழ்க்கையை அளக்க அது போதாது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் கொண்டுவந்த பலகையின் வழிவந்ததுதான் இன்றும் சுவரில் தொங்குகிறது. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால் உங்கள் பார்வை 6/60. அந்தச் சோதனை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரேல் என்று எழுத்து, நல்ல வெளிச்சம், எதிரே அசையாத பலகை, நாற்காலியில் அசையாமல் நீங்கள். நம் நாள் முழுக்க எங்கே அப்படி இருக்கிறது? சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி. கண் கூசும் வெயிலிலிருந்து இருண்ட வீட்டுக்குள் நுழைய வேண்டும். பக்கவாட்டிலிருந்து சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் வரும்.

என் அம்மாவுக்கு எழுத்துப் பலகையில் 6/9. கிட்டத்தட்ட முழுப் பார்வை. ஆனால் கிளாக்கோமா நடுப்பார்வையைக் கடைசி வரைக்கும் விட்டுவைத்து ஓரப் பார்வையைத் தின்னும் நோய். ஒருநாள் அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலை டம்ளரின் விளிம்புக்கு உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, விரல் நுனி நனைந்ததும் செம்பை நிமிர்த்தினாள். பளபளக்கும் டம்ளரில் பளபளக்கும் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை மாதமாக அப்படி ஊற்றிக்கொண்டிருந்தாளோ! கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை, டாக்டரின் கோப்பிலும் அது இல்லை.

வாழ்க்கைத் தரம் என்றால் வசதி வாய்ப்பா?

பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "சொந்த வீடு இருக்கு, பையன் நல்லா சம்பாதிக்கிறான், எனக்கென்ன குறை?" என்று ஒரு பெரியவர் முதல் கேள்விக்கே சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் உள்ளே, தன் இலக்கு, எதிர்பார்ப்பு, கவலை எல்லாவற்றையும் வைத்து, தன் நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதுதான் வாழ்க்கைத் தரம். 'தானே' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. டாக்டரோ பிள்ளைகளோ வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. இந்த விளக்கத்தையொட்டி உருவான பொதுக் கேள்வித்தாளை முதலில் சோதித்துப் பார்த்த உலக நகரங்களில் சென்னையும் ஒன்று.

கண் நோயில் இதன் பொருள் கொஞ்சம் குறுகும். பார்வையினால் அன்றாடக் காரியம், நடமாட்டம், பிறரோடு பழகுவது, மனநிலை ஆகியவற்றில் என்ன மாறியிருக்கிறது என்பதே கேள்வி.

என்னென்ன கேட்பார்கள்? மதிப்பெண் எப்படி வருகிறது?

உலக அளவில் அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்துக்காக உருவான வி.எஃப்.க்யூ-25 என்ற கேள்வித்தாள். கரோல் மஞ்சியோனி என்ற மருத்துவரும் குழுவினரும் பல்வேறு நாள்பட்ட கண் நோய்கள் உள்ளவர்களைக் கூட்டி உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே சிரமங்களைச் சொல்ல வைத்து, அதிலிருந்து 51 கேள்விகள் தயாரித்தார்கள். அதைச் சுருக்கி 25 கேள்விகளாக 2001இல் வெளியிட்டார்கள்.

செய்தித்தாள் படிப்பது, நெரிசலான அலமாரியில் ஒரு பொருளைத் தேடி எடுப்பது, இருட்டில் படி இறங்குவது, நாம் பேசும்போது எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, தன் துணியைத் தானே பொருத்தம் பார்த்து எடுப்பது என்று கேள்விகள் போகும். கண்ணாடி போடுபவர் கண்ணாடி போட்டிருக்கும் நிலையை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கண் வலி, மனநிலை, பிறரைச் சார்ந்திருப்பது, நிறம் தெரிவது, ஓரப் பார்வை, வண்டி ஓட்டுவது என 12 பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். சிரமமே இல்லை என்றால் 100. பொது உடல்நலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற 11 பகுதிகளின் சராசரியை மொத்த மதிப்பெண்ணாக எடுப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு காரியத்தைக் கண்ணால்தான் விட்டுவிட்டீர்களா, வேறு காரணத்தால் விட்டீர்களா, அல்லது அதில் விருப்பமே இல்லையா என்று பிரித்துக் கேட்கும். கண்ணால் விட்டதென்றால் 0. வேறு காரணம் என்றால் அந்தக் கேள்வி கணக்கிலேயே சேராது. அம்மா சினிமாவுக்குப் போவதில்லை, ஆனால் அது கண்ணினால் வந்த மாற்றமில்லை. அவளுக்கு எப்போதுமே சினிமா பிடிக்காது.

அமெரிக்கக் கேள்வித்தாள் நம் ஊர் ஆட்களுக்குப் பொருந்துமா?

ஓரளவுதான். கார் ஓட்டுவதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாத ஒரு பாட்டி என்ன பதில் சொல்வார்? அவருக்கு பஸ் நம்பர் தெரிகிறதா என்பதல்லவா கேள்வி!

இதை முன்கூட்டியே உணர்ந்து நம் ஊரிலேயே வேலை நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் ஃப்ளெட்சருடன் இணைந்து, தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளுக்கென்றே பார்வைச் செயல்பாட்டுக்கு ஒன்றும் வாழ்க்கைத் தரத்துக்கு ஒன்றுமாகக் கேள்வித்தாள்கள் உருவாக்கினார்கள். அது 1997இல் வெளியானது. கண்புரை அறுவையில் தீரும் நோய், நாள்பட்டது என்ற வகையில் சேராது. இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வித்தாள் ஒரு பெரிய விஷயத்துக்குப் பயன்பட்டது. அந்தக் காலத்தில் கண்புரை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் லென்ஸ் வைக்காமல், தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவது வழக்கம். சோடாபுட்டிக் கண்ணாடி என்போமே, அதுதான். லென்ஸ் வைத்தால் என்ன வித்தியாசம் என்று மதுரையில் 3400 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், நடமாட்டம், தன் காரியத்தைத் தானே செய்வது, நாலு பேரோடு பழகுவது, மனநிலை எல்லாவற்றையும் கேட்டார்கள். லென்ஸ் வைத்தவர்களுக்கே நல்ல பலன் என்று 1998இல் முடிவு வந்தது.

அடுத்து 2005இல் இந்தியப் பார்வைச் செயல்பாட்டுக் கேள்வித்தாள் வந்தது. மொத்தம் 33 கேள்விகள். பொதுச் செயல்பாட்டுக்கு 21, மனமும் உறவும் சார்ந்தவை 5, கண் கூசுவது போன்ற அறிகுறிகளுக்கு 7. நடக்கும்போது சாலையில் மேடு பள்ளம் தெரிகிறதா, பூட்டைத் திறந்து மூட முடிகிறதா, இரவில் வெளியே போகப் பயமா, பார்வை சரியில்லை என்று வெட்கமா, மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் இருக்கும். 'பாரம்' என்ற கேள்வியைக் கேட்டதும் சட்டென்று கண்கலங்கியவர்கள் நிறையப் பேர். அதுவரை நோட்டுப் பார்த்து வாசிப்பது போல வாசித்துக்கொண்டிருந்த நான், அந்த இடம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடக் கற்றுக்கொண்டேன்.

தமிழில் மொழிபெயர்த்தால் முடிந்தது அல்லவா?

இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முறைப்படி என்றால், ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சில நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். இந்த வழியில் வந்த தாள்கள்கூட இலக்கணம் சரியாக இருந்தும் காதில் ஏறாமல் போகும்.

விடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சிரமமே இல்லை, சிறிதளவு, மிதமான, அதிக' என்று நாலு படி இருக்கும். 'மிதமான சிரமம்' என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? மிதமான சூட்டில் பால் காய்ச்சுவோம், அவ்வளவுதான். நான் பிறகு "கொஞ்சமா, பாதிக்குப் பாதியா, ரொம்பவா?" என்று கேட்க அனுமதி வாங்கினேன். பதில்கள் தெளிவாயின.

இதைவிடப் பெரிய சிக்கல் 'பரவாயில்லை'. "பார்வை எப்படி இருக்கு?" என்றால் பத்தில் எட்டுப் பேர் "பரவாயில்லை" என்பார்கள். நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம், மோசம்தான் ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் அர்த்தம். அப்புறம் "ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது". இவற்றை 'சிரமமே இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் அந்தத் தாள் வீண். "போன வாரம் பஸ்ல நம்பர் பார்த்து நீங்களே ஏறினீங்களா, யாரையாவது கேட்டீங்களா?" என்று ஒரு படி இறங்கிக் கேட்டால் உண்மை வரும். ஆனால் அப்படி விளக்கும்போது நாமே பதிலை வாயில் வைத்துவிடக் கூடாது. கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒவ்வொரு கண் நோய்க்கும் தனிக் கேள்வித்தாள் உண்டா?

உண்டு. கிளாக்கோமாவுக்கு ஜி.க்யூ.எல்-15 என்று 15 கேள்விகள் கொண்டது ஒன்று, 2003இல் வந்தது. இருட்டுக்குக் கண் பழகுவது, பொருள்மேல் இடித்துக்கொள்வது, தரை சமமாக இல்லாத இடத்தில் நடப்பது என்று அந்த நோய் எங்கே கை வைக்குமோ அங்கேயே கேட்கும். இதில் மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம். வி.எஃப்.க்யூ-25இல் கூடினால் நல்லது. இரண்டையும் ஒன்றாகப் படித்துக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் எந்தத் தாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டுப்போகும் நோய்க்கு மாக்-டி-க்யூ-ஓ-எல் என்ற ஒன்று இருக்கிறது. "இந்த நோய் இல்லாதிருந்தால் உங்கள் வாழ்க்கையின் இந்தப் பகுதி எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டு, "இந்தப் பகுதி உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்றும் கேட்கும். முக்கியமில்லாத காரியத்தில் வந்த இழப்பு மதிப்பெண்ணைப் பெரிதாக இறக்காது. நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

பார்வைக் குறைபாடுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 2003இல் உருவாக்கியது தனி அழகு. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, படிக்கும்போது அடுத்த வரியைக் கண்டுபிடிப்பது, பஸ் நம்பர், கீழே விழுந்த ரப்பரைத் தேடுவது, ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் காசில் வித்தியாசம் தெரிவது, பல்விளக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பது. ஒரு பிள்ளையின் நாள் முழுக்க அதற்குள் இருக்கிறது.

கண்ணில் ஈரம் குறையும் உலர் கண்ணுக்கு ஓ.எஸ்.டி.ஐ. என்ற தாள் உண்டு. இது மட்டும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. 12 கேள்விகள், கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. எல்லாவற்றையும் கூட்டி, 25ஆல் பெருக்கி, பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஏ.சி. அறைக்கே போகாதவர் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். 10 கேள்விக்குப் பதில் சொல்லி மொத்தம் 12 வந்தால், 12ஐ 25ஆல் பெருக்க 300, அதை 10ஆல் வகுக்க 30. 12 வரை சாதாரணம், 13 முதல் 22 வரை லேசானது, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33ம் அதற்கு மேலும் தீவிரம். உலர் கண்ணை "சும்மா உறுத்தல்தானே" என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்துப் பலகையில் 6/6 படிப்பவர் இந்தத் தாளில் 40 வாங்குவார். அவர் படும் பாட்டுக்கு அந்த எண்தான் சாட்சி.

எல்லா நோய்க்கும் பொதுவான உடல்நலக் கேள்வித்தாள் இருக்கிறதே?

ஈ.க்யூ-5.டி என்று ஒன்று பரவலாக உண்டு. நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, வழக்கமான வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்வி. மருத்துவச் செலவுக்கு என்ன பலன் என்று கணக்கிட அரசுகளும் ஆய்வாளர்களும் இதை விரும்புவார்கள். ஆனால் பார்வையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழகிய வீட்டுக்குள்ளேயே இருக்கும் பார்வை குறைந்த ஒருவர் ஐந்துக்கும் 'பிரச்சினை இல்லை' என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. கண் நோய்க்கு இதை மட்டும் நம்பினால் கண் நோயாளிகளுக்கு நஷ்டம்.

எனக்கு 70 வந்திருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?

பாஸ், ஃபெயில் இதில் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதிலும் பயனில்லை. போன வருஷத்து உங்களோடு இந்த வருஷத்து உங்களை ஒப்பிடத்தான் அது.

அப்படி ஒப்பிடும்போதும் ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். வயதானவர்களின் மாகுலா நோய்க்குக் கண்ணுக்குள் ஊசி போடும் சிகிச்சையைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் வி.எஃப்.க்யூ-25இல் சுமார் 4 முதல் 6 புள்ளி வரை மாறினால்தான் அது நோயாளிக்கு உறைக்கும் மாற்றம் என்று கண்டார்கள்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஊசியில் நூல் கோப்பதும் எதிரே நிற்பவர் முகத்தை அடையாளம் காண்பதும் ஒரே எடையுள்ள சிரமமா? இரண்டுக்கும் 'ரொம்பச் சிரமம்' என்றால் ஒரே மதிப்பெண் போட்டுக் கூட்டுவது சரியில்லை. டென்மார்க் கணித அறிஞர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட முறை இதற்குக் கைகொடுக்கிறது. கேள்விகளை எளிதிலிருந்து கடினம் வரை ஒரே அளவுகோலில் நிறுத்தி, ஆளையும் அதே அளவுகோலில் நிறுத்துவார்கள். நூல் கோக்க முடியாதவர்கள் ஏராளம், முகம் தெரியாமல் போவது பெரிய இழப்பு என்பதை அந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். இப்படிச் சோதித்தபோது புகழ்பெற்ற வி.எஃப்.க்யூ-25கூட ஒரே விஷயத்தை அளக்கவில்லை, பார்வைச் செயல்பாடு, மனமும் சமூகமும் என்று இரண்டு விஷயங்களைக் கலந்து அளக்கிறது என்று தெரியவந்தது. அதனால் மொத்த மதிப்பெண்ணைவிடப் பகுதி மதிப்பெண்களைப் பாருங்கள்.

ஒரு கண்தான் பாதிப்பு, இன்னொன்று நன்றாக இருக்கிறது. அப்போதும் தேவையா?

மதிப்பெண் பெரும்பாலும் நல்ல கண்ணைப் பின்பற்றித்தான் போகும். ஆனால் 'இருக்கும் கண்ணும் போய்விடுமோ' என்ற பயம் ஒற்றைக் கண்காரர்களுக்கு அதிகம். ஆழம் தெரியாமல் படியில் தடுமாறுவதும் உண்டு. தேவைதான்.

நோய் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் மதிப்பெண் இறங்கவில்லை. அம்மா பொய் சொல்கிறாரா?

இல்லை. மனிதர் பழகிக்கொள்கிறார். டம்ளருக்குள் விரல் வைத்து ஊற்றக் கற்றுக்கொண்ட பிறகு "தண்ணீர் ஊற்றச் சிரமமா?" என்றால் என் அம்மா "இல்லை" என்றுதான் சொல்வாள். அது உண்மையும்கூட. எதிர்பார்ப்பும் கூடவே இறங்கிவிடுகிறது. முன்பு வாரப் பத்திரிகை முழுதும் படித்தவர், தலைப்பு படித்தாலே போதும் என்று சமாதானம் ஆகிறார்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். நோய் இருக்கிறது என்று தெரிந்த முதல் மாதங்களில் பார்வை நன்றாக இருந்தும் மதிப்பெண் விழும். அமெரிக்காவில் 1993இல் தொடங்கி, புதிதாகக் கிளாக்கோமா கண்டறியப்பட்ட 607 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஆரம்பத்தில் கண் தெரியாமல் போய்விடும் என்ற பயம் அதிகமாக இருந்து, சிகிச்சை தொடரத் தொடரக் குறைந்தது. முதல் நாளே டாக்டர் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "இதில் போன பார்வை திரும்பாது, ஆனால் மருந்து ஒழுங்காக விட்டால் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம்" என்று நிதானமாகச் சொல்வதன் மதிப்பு எனக்கு இங்கேதான் புரிந்தது.

சிகிச்சையே வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்குமா?

கெடுக்கலாம், அதையும் கேட்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வு அறுவையையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டதுதான். அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண் உறுத்தல் போன்ற தொல்லைகள் சற்று அதிகம் இருந்தன. சொட்டு மருந்திலும் எரிச்சல், சிவப்பு எல்லாம் உண்டு.

கேள்வித்தாளில் வராத சுமைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். மாதா மாதம் வாங்க வேண்டிய மருந்து. ராத்திரி பத்து மணிக்கு விட வேண்டிய சொட்டுக்காக விழித்திருப்பது. கை நடுங்கினால் பாதி கன்னத்தில் வழியும், மாதக் கடைசிக்குள் குப்பி காலி. கண்ணுக்குள் ஊசி என்றால் ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் லீவு போட வேண்டும். "பையன் லீவு போட்டா சம்பளம் போகுதும்மா, அதான் அடுத்த ஊசிக்கு வரல" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பார்வை ஏறி இறங்குவதைக் காட்டும் எந்த வரைபடத்திலும் அந்தக் காரணம் தெரியாது.

படிவத்தை யார் நிரப்ப வேண்டும்? வீட்டார் சொல்லலாமா?

நோயாளி சொல்ல வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி.

ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். "வீட்டு வேலை செய்ய முடியுதாம்மா?" என்றேன். மகள் முந்திக்கொண்டு, "அவங்களுக்கு எந்த வேலையும் குடுக்கறதில்லைங்க, ராணி மாதிரி வச்சிருக்கோம்" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். மகளைச் சீட்டு வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். "வெங்காயம் நறுக்கக்கூட விடமாட்டேங்கறாங்க. நான் இருந்து என்ன?" என்றார் அந்த அம்மா. மகள் நூறு போட்டிருப்பார், அம்மாவின் கணக்கில் பூஜ்யம்.

படிக்க முடியாதவருக்கு மூன்றாவது ஆள் வாசித்துக் காட்டலாம். அவர் சிகிச்சை செய்யும் டாக்டராக இல்லாமல் இருப்பது நல்லது, டாக்டர் எதிரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஞாபகமறதி அதிகமுள்ளவர், மிகச் சிறு பிள்ளை என்றால் வீட்டார் பதில் வேறு வழியில்லை, அதை அப்படியே குறித்துவைக்க வேண்டும்.

இன்னொன்று. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு தாளைக் கையில் கொடுக்கக் கூடாது. ஓர் இடத்தில் எங்கள் அம்மாவுக்கே அப்படி நடந்தது. எழுத்தெல்லாம் கலங்கி, வெளிச்சம் குத்தி, எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

கண் நோய்க்கு மனசைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

பார்வை குறைந்தவர்களிடையே மனச்சோர்வு அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எதிரே வந்தவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று "திமிர் பிடிச்சவ" என்ற பேர் வரும். அதற்குப் பயந்து தெருவில் இறங்காமலே இருந்துவிடுவார்கள்.

கேட்டால்தான் வெளிவரும் இன்னொரு விஷயமும் உண்டு. பார்வை வெகுவாகக் குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். குட்டி மனிதர்கள், பூ வேலைப்பாடு, முகங்கள். சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் பொனே 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படி வந்ததை எழுதினார், பொனேயின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. பைத்தியம் என்பார்களோ, பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்களோ என்று மறைத்துவைப்பார்கள். கண்ணிலிருந்து தகவல் குறையும்போது மூளை தானே படம் வரைந்துகொள்வதுதான் இது. தெரிந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சோர்வு தாங்க முடியாமல் இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம்.

ஊனமுற்றோர் சான்றிதழுக்கு இந்த மதிப்பெண் செல்லுமா?

செல்லாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையையும் பார்வைப் புலத்தையும், அதாவது நேரே பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பையும், மட்டுமே பார்க்கிறது. திருத்தக் கண்ணாடியோடும் நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே, அல்லது பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைவு என்றால் பார்வையின்மை. 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை, அல்லது புலம் 40 டிகிரிக்குக் குறைந்து 10 வரை என்றால் குறைபார்வை. கிளாக்கோமாக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்துப் பலகையில் நன்றாகப் படித்தாலும் புலம் சுருங்கியிருந்தால் உங்களுக்குத் தகுதி இருக்கலாம், பார்வைப் புலச் சோதனை அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள்.

எங்கள் மருத்துவமனையில் யாரும் இதெல்லாம் கேட்பதில்லை. நான் என்ன செய்வது?

நீங்களே சொல்லலாம். "பார்வை மங்கலா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் டாக்டருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. "ஆறு மாசத்துக்கு முன்னாடி பஸ் போர்டு படிச்சேன், இப்போ கண்டக்டரைக் கேக்கறேன்" என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார். வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, விட்டுவிட்ட காரியங்களையும் வேறு விதமாகச் செய்யத் தொடங்கிய காரியங்களையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த தடவை போகும்போது முதல் மூன்றை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும், நேரமும் அவ்வளவுதான் கிடைக்கும். குறைபார்வைப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். உருப்பெருக்கி, விளக்கு அமைப்பு, நடைப் பயிற்சி எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

அம்மாவின் நோட்டில் முதல் வரி டம்ளர். இரண்டாவது, பின்கட்டின் கடைசிப் படி. மூன்றாவது, "சாயந்திரம் கோயிலுக்குப் போறதில்ல" என்று அவளே பெரிய எழுத்தில் எழுதியது. குறைபார்வைப் பிரிவில் அதைப் படித்துவிட்டு, படி விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். எவர்சில்வருக்குப் பதில் உள்ளே கருப்பாக இருக்கும் கப்பில் பால் ஊற்றிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டையும் அந்த வாரமே செய்தோம். கோயிலுக்கு மட்டும் இப்போதும் காலையில்தான் போகிறாள், கூட்டம் இருக்காது என்கிறாள்.